வருஷத்துக்கு 6 தடவை கூடும் சபை! நீங்களும் உறுப்பினர், தெரியுமா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து சட்டமன்றத்துக்குப் போகிறவர்கள் ஏழே ஏழு பேர்! ஆனால் இதே மாவட்டத்தில் 306 சபைகள் இருப்பது தெரியுமா? ஊராட்சிக்கு ஒரு கிராம சபை! ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்களும் உறுப்பினர்தான்!

சட்டமன்றம் வருஷத்துக்கு இத்தனை நாள் கூடியே ஆக வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறதா? இல்லவே இல்லை! இரண்டு கூட்டத்தொடர்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது, அவ்வளவுதான்! 1950இல் 'வருஷத்துக்கு இரண்டு முறையாவது' என்று இருந்தது. 1951இல், முதல் திருத்தத்திலேயே அதை எடுத்துவிட்டார்கள்!

அமெரிக்காவில் இன்னும் விசித்திரம்! டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் அதிகபட்சம் 140 நாள்! ஆரிகன் மாநிலமும் அப்படித்தான் இருந்தது. 2010இல் மக்களே ஓட்டுப் போட்டு, 'இனி வருஷா வருஷம் கூடுங்கள்' என்று மாற்றிவிட்டார்கள்!

நம் கிராம சபைக்கோ தேதியே குறித்தாயிற்று! ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்ததை 2022இல் ஆறாக்கினார்கள். புதிதாகச் சேர்ந்தவை மார்ச் 22, நவம்பர் 1. மார்ச் 22 என்ன நாள் தெரியுமா? உலக தண்ணீர் தினம்! வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கம் குடிநீருக்கு அலைந்தவர்களைக் கேளுங்கள், இதைவிடப் பொருத்தமான தேதி உண்டா என்று!

ஊருக்குப் பத்துப் பேர் வந்து கையெழுத்துப் போட்டால் சபை நடந்ததாகிவிடுமா? ஆகாது! 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வர வேண்டும். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் போனால் 300 பேர்! நாலு தெரு சேர்ந்து கிளம்பினாலே பாதிக் கூட்டம் வந்துவிடும்!

அடுத்ததுதான் பெரிய ஆச்சரியம்! தமிழகச் சட்டமன்றத்தை மத்திய அரசு 1976, 1980, 1988, 1991 என நான்கு தடவை கலைத்திருக்கிறது. கிராம சபையை? யாராலும் கலைக்க முடியாது! 2025 ஜனவரியில் நம் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. சபை நின்றதா? தனி அலுவலர் பொறுப்பில் அது பாட்டுக்குக் கூடியது!

ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை அங்கே உங்கள் முன்னால் வைத்தாக வேண்டும், தெரியுமா? தெருவிளக்குக்கு எவ்வளவு, மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு என்று எழுந்து நின்று கேட்கலாம்!