இயற்கணிதம்: விடையைப் பெற்றோரே சரிபார்க்கலாம்

பாராடாங்கில் நம் பிள்ளைகள் பலர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பாடம் படிக்கிறார்கள். வீட்டில் பேசுவது தமிழ். கணக்கு நோட்டில் 'சிம்ப்ளிஃபை' என்று கண்டதும் பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. கோவையைச் சுருக்கத் தெரியாதவரும், கூட்டல் பெருக்கல் தெரிந்திருந்தால் போதும், பிள்ளையின் விடை சரியா என்று பார்த்துவிடலாம். ரயிலே ஓடாத தீவில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன் இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் வேறு வழியில் போட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் அன்றாடப் பழக்கம்.

முதலில் எழுத்து என்றால் என்ன? புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்றிருக்கும். இங்கே 'க' என்று வைத்துக்கொள்வோம். க என்பது தேங்காய் அல்ல. ஒரு மூட்டையில் உள்ள தேங்காய்களின் எண்ணிக்கை. எழுத்தைப் பொருளாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. 3 மூட்டையும் 2 மூட்டையும் சேர்ந்தால் 5க. தனியாக 4 காய் இருந்தால் 5க + 4. இதைப் பல பிள்ளைகள் 9க என்று எழுதிவிடுகிறார்கள். 4 காய் எப்படி 4 மூட்டையாகும்? ஒத்த உறுப்புகளை மட்டுமே சேர்க்கலாம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

அதிகம் பேர் தவறுவது அடைப்புக்குறிக்கு முன் நிற்கும் கழித்தல் குறியில்.

5க + 4 − (2க − 3)

நம்மிடம் 5 மூட்டையும் 4 காயும் உள்ளன. ஒருவருக்கு 2 மூட்டை தருகிறோம், ஆனால் அதிலிருந்து 3 காயை எடுத்துக்கொண்டுதான் தருகிறோம். அந்த 3 காய் நம்மிடமே இருக்கிறது. ஆகவே விடை 3க + 7. குறியை மாற்ற மறந்த பிள்ளை 3க + 1 என்று எழுதும். பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புடசித்தாந்தத்தில் மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் குறித்தார். கடனைக் கழித்தால் கையிருப்பு கூடும் என்பது கடைக்கணக்கு எழுதும் எவருக்கும் புரியும்.

இனி சரிபார்க்கும் முறை. க-வுக்கு 10 என்று போடுங்கள். கேள்வியில் 54 − 17 = 37. விடை 3க + 7 என்றால் 37, பொருந்துகிறது. 3க + 1 என்றால் 31, தவறு. இவ்வளவுதான்.

பின்னத்திலும் இதே முறைதான். (4க + 8) ÷ 4 என்பதில் முதல் 4-ஐ மட்டும் அடித்துவிட்டு க + 8 என்று எழுதுவார்கள். க = 5 என்றால் கேள்வி 28 ÷ 4 = 7; அவர்கள் விடையோ 13. சரியான விடை க + 2. அதுபோல (க + 3)² என்பதை க² + 9 என்று எழுதுவது தலைமுறை தலைமுறையாக வரும் தவறு. 5 போட்டால் 64 வரவேண்டிய இடத்தில் 34 வரும். நடுவில் 6க விட்டுப்போயிற்று.

எந்த எண்ணைப் போடுவது என்பதில் கவனம் வேண்டும். 0 போட்டால் மேலே சொன்ன தவறு ஒளிந்துகொள்ளும். இரண்டு பக்கமும் 9 வரும். 1 போட்டால் க, க² எல்லாம் ஒன்றே. 2 போட்டால் 2க-வும் க²-உம் 4. ஆகவே 5, 7, 10 நல்லவை. பொருந்தாவிட்டால் விடை நிச்சயம் தவறு. ஒருமுறை பொருந்திவிட்டால் மட்டும் சரி என்று சொல்ல முடியாது. க மட்டும் உள்ள கோவைக்கு இரண்டு எண்களும், க² வரை உள்ளதற்கு மூன்று எண்களும் போட்டுப் பொருந்தினால் ஐயமே வேண்டாம்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020 பொதுத்தேர்விலிருந்து 10-ஆம் வகுப்புக் கணிதத்தில் இரண்டு நிலைத் தாள்களை வைத்தது. எளிய தாள், மேலே கணிதம் படிக்க விரும்பாதவர்களுக்கென வந்தது. விருப்பமில்லாமல் அதை எடுப்பது வேறு, பயந்து எடுப்பது வேறு. பாலிடெக்னிக்கில் சேர்ந்து பொறியியல் டிப்ளமோ படிக்க நினைக்கும் பிள்ளைக்குக் கணிதம் இல்லாமல் முடியாது. அந்தப் பயம் 7, 8-ஆம் வகுப்பில் இந்த அடைப்புக்குறிகளில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

இன்றிரவே பிள்ளையிடம் 7க − 2(க − 4) என்று எழுதிக் கொடுங்கள். 5க − 8 என்று வந்தால் திட்டாதீர்கள்; 5 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கேள்வியில் 33 வரும், விடையில் 17.