ஒரு நிமிட நல்லுரை



"புகைப்பவரிடம் சொல்லிப் பயன் என்ன?" என்று எண்ணி வாளாவிருக்கும் மருத்துவர்கள் உண்டு. அவ்வெண்ணம் தவறு என்பதை 1979ஆம் ஆண்டில் வெளியான லண்டன் ஆய்வொன்று தெளிவாக்கிற்று.

28 குடும்ப மருத்துவர்களிடம் வந்த, சிகரெட் பழக்கமுடைய 2,138 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு சாராருக்கு அறிவுரை ஏதும் கூறப்படவில்லை. மற்றொரு சாராருக்கு மருத்துவர் ஓரிரு நிமிடம் அறிவுரை பகர்ந்து, துண்டுப் பிரசுரமும் அளித்து, பின்னர் விசாரிக்கப்படும் என்றும் அறிவித்தார். முதல் மாதத்திலேயே புகையை விடுத்து, ஓராண்டு கழிந்தும் அதைத் தொடாதிருந்தோர் முன்னவருள் 1,000க்கு 3 பேர். பின்னவருள் 51 பேர்!

நூற்றுக்கு ஐவர்தாமே என்று அலட்சியம் செய்யாதீர்கள். பிரிட்டனின் குடும்ப மருத்துவர் அனைவரும் இவ்வாறு செய்தால், ஆண்டுக்கு 5 லட்சத்திற்கும் மேற்பட்டோர் விடுபடுவர் என ஆய்வாளர்கள் கணித்தனர்.

உங்களில் மருத்துவராகவும் செவிலியராகவும் பணிபுரிவோரே! அறிந்த நன்மையை எடுத்துரைப்பது உங்கள்மீதுள்ள அமானிதம். கடிந்துகொள்ளாதீர்கள், கனிவுடன் கேளுங்கள், சொல்லுங்கள், அடுத்த முறை மறவாது விசாரியுங்கள். மீண்டும் புகைத்தாரெனில் மீண்டும் சொல்லுங்கள். உங்கள் மௌனத்தை நோயாளி அனுமதியெனக் கருதிவிடக் கூடும் அன்றோ!