இணையம் எட்டாத கணினி

கிராமப் பாடசாலையொன்றின் பழைய கணினியிலே 1993ஆம் ஆண்டு இயன் மர்டாக் தொடங்கிவைத்த டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளம் இருந்தது. இணைய இணைப்பு இல்லை. தமிழில் தட்டெழுத வேண்டுமென்று மாணவர் ஆவலுற்றனர். இதென்ன பெரிய காரியம் என்றெண்ணி, நாம் அயலூர் நண்பர் இல்லத்திலிருந்து 'ஐபஸ்-எம்17என்' என்னும் மென்பொருட் பொதியைப் பென்டிரைவில் ஏற்றி வந்தோம்.

கணினி இசையவில்லை. 'லிப்எம்17என்' இன்றி இயங்கேன் என்றது. மறுநாள் அதனையும் கொணர்ந்தோம். அதற்கோ, விசைப்பலகை விபரங்கள் அடங்கிய 'எம்17என்-டிபி' வேண்டுமாம்! மாப்பிள்ளையை மட்டும் அழைத்தாற் போதுமா? சுற்றத்தாரும் உடன்வர வேண்டுமன்றோ!

இவ்வலைச்சலைத் தவிர்க்கவே 'ஆப்ட்-ஆஃப்லைன்' என்றொரு கருவி உண்டென்பதைப் பின்னரே அறிந்தோம். (அதனையும் முதலிற் பென்டிரைவிலேயே கொணர வேண்டும் என்பது வேறு கதை.) இணையமற்ற கணினியே தனக்கு வேண்டுவனவற்றைச் சிறு கோப்பொன்றிற் குறித்துத் தரும். இணையமுள்ள கணினி, அக்குறிப்பின்படி சுற்றத்தார் அனைவரையும் திரட்டி ஒரே கட்டாக்கிவிடும். அக்கட்டைக் கொணர்ந்து நிறுவுவதே எஞ்சிய வேலை.

மூன்றாம் பயணம் வீண்போகவில்லை. அன்று மாலையே மாணவியொருத்தி தன் தாயாரின் பெயரைத் தமிழிலே தட்டெழுதிக் காட்டினாள்.