கிட்டார் கம்பியை ஏன் வளைக்கிறாங்க? ப்ளூஸ் இசைக்கும் நம்ம சுத்த தன்யாசிக்கும் என்ன தொடர்பு?

வில்லியனூர் தேரோட்டத்தில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ப்ளூஸ் கிட்டார் வேறு உலக இசையாகத் தோன்றலாம். ஆனால் அதில் வரும் முக்கியமான ஐந்து ஸ்வரங்கள் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவைதான். எப்படி?

ப்ளூஸ் என்றால் என்ன?

அடிமை முறை ஒழிந்த பிறகு, 19-ம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை இது. வயலில் பாடிய வேலைப் பாட்டும் தேவாலயப் பாட்டும்தான் இதன் வேர். பாகூர் பக்கம் நடவு வயலில் ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவாங்களே, அதே முறை அங்கேயும் இருந்தது. பின்னாளில் பாடகர் ஒரு வரி பாட, கிட்டார் பதில் சொன்னது.

ரிஃப் என்பது என்ன?

திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துண்டு. பாட்டின் வரி மறந்தாலும் ரிஃப் மறக்காது.

நம்ம ராகம் எங்கே வருகிறது?

ப்ளூஸ் கிட்டாரில் அதிகம் புழங்குவது ஐந்து ஸ்வர வரிசை. நம்ம கணக்கில் ஸ, க, ம, ப, நி. அதாவது சுத்த தன்யாசி ராகத்தின் ஸ்வரங்கள். 'கிழக்கே போகும் ரயில்' (1978) படத்தில் வரும் 'மாஞ்சோலைக் கிளிதானோ' பாட்டு இந்த ராகம்தான்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ப்ளூஸில் காந்தாரம் சாதாரண காந்தாரத்திலும் நிற்காது, அந்தர காந்தாரத்திலும் நிற்காது, நடுவில் தவிக்கும். அந்த இடத்தைத் தொடத்தான் கம்பியை வளைக்கிறாங்க. கமகம் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும்.

இதைச் செய்து காட்டிய தமிழர் உண்டா?

உண்டு. ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐஐடியில் படித்த கிட்டார் பிரசன்னா. கம்பியை இழுத்தும் வழுக்கியும் கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பவர். ராக் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006-ல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்ற ஆல்பம் வெளியிட்டார். ஹென்ட்ரிக்ஸின் வாசிப்புக்கு அடித்தளமே ப்ளூஸ்தான்.

எதில் ஆரம்பிக்கலாம்?

* ஜான் லீ ஹூக்கர், 'பூகி சில்லன்' (1948): கார்டு மாறுவதே இல்லை. தம்புரா சுருதி போல ஒரே இடத்தில் நின்று, காலால் தாளம் தட்டுவார்.
* மடி வாட்டர்ஸ், 'மேனிஷ் பாய்' (1955): ஒரே ரிஃப்தான் முழுப் பாட்டும். ரிஃப் நிற்கும் இடைவெளியில் குரல் வரும்.
* பி.பி.கிங், 'தி த்ரில் இஸ் கான்' (1969): குறைவான ஸ்வரங்கள். ஒவ்வொன்றிலும் விரல் நடுங்குவதைக் கவனியுங்க.

வீட்டில் பழகுவது எப்படி?

மூன்றாவது கம்பியில் 9-வது கட்டை அழுத்தி மீட்டுங்க. அந்த ஒலியை மனதில் வையுங்க. பிறகு 7-வது கட்டில் அழுத்தி, கம்பியை மேலே தள்ளி அதே ஒலிக்குக் கொண்டுவாங்க. மோதிர விரலால் அழுத்தி, மற்ற இரண்டு விரல்களைப் பின்னால் துணைக்கு வையுங்க. அகூஸ்டிக் கிட்டாரில் கம்பி தடிமன் என்பதால், முதலில் 8-வது கட்டின் ஒலி வரை தள்ளினாலே போதும்.

பலரும் கார்டு வரவில்லை, விரல் வலிக்குது என்று முதல் மாதத்திலேயே கிட்டாரை மூலையில் வைத்துவிடுகிறாங்க. விரலுக்குப் பழக நாள் எடுக்கும். ஆனால் ஸ்வரம் சரியான இடத்தில் விழுந்ததா என்று சொல்லும் காது உங்களிடம் ஏற்கெனவே இருக்கு.