சரக்கு டிரெய்லரைத் தங்கும் வாகனமாக மாற்றலாமா? மெத்தைக்கு முன் கவனிக்க வேண்டியவை என்ன, சட்டம் என்ன சொல்கிறது?

புதுடெல்லி: கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டம் வடகரையை அடுத்த கரிம்பனப்பாலத்தில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் ஒன்றில் 2024 டிசம்பர் 23 அன்று இருவர் உயிரிழந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டனர். ஏசிக்காக ஜெனரேட்டர் இயக்கப்பட்டிருந்தது. அதன் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு, வாகனத்தின் தளத்தில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே புகுந்ததே மரணத்துக்குக் காரணம் என்பது கோழிக்கோடு என்ஐடி வல்லுநர்கள் நடத்திய ஆய்வில் தெரியவந்தது.

ஏசி வசதியுடன், மனிதர் தங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட வாகனத்தில் நேர்ந்த துயரம் இது. அப்படியிருக்க, பெட்டிகளையும் மூட்டைகளையும் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்ட மூடிய சரக்கு டிரெய்லருக்குள் படுக்கை போட்டு உறங்க நினைப்பவர்கள் எதை முதலில் கவனிக்க வேண்டும்? அமெரிக்காவில் பரவலாக உள்ள இந்தப் பழக்கம், காணொலிகள் வழியாக இந்தியப் பயண ஆர்வலர்களையும் எட்டியுள்ளது. காணொலிகளில் பெரும்பாலும் காணக் கிடைப்பது மரப்பலகைச் சுவரும் மஞ்சள் விளக்கும்தான். வேலையின் கடினமான பகுதி வேறிடத்தில் இருக்கிறது.

வெறும் பெட்டியின் கணக்கு

அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பலரும் தேர்ந்தெடுப்பது 6 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட ஒற்றை அச்சு டிரெய்லர். இரும்புச் சட்டகம், பிளைவுட் தளம், வெளியே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட அலுமினியத் தகடு. அவ்வளவே. வெற்று டிரெய்லரின் எடை ஏறத்தாழ 600 கிலோ; சுமையுடன் சேர்த்து அனுமதிக்கப்படும் மொத்த எடை பெரும்பாலும் 2,990 பவுண்டு, அதாவது சுமார் 1,356 கிலோ. எண் ஏன் இப்படி முழுமையில்லாமல் நிற்கிறது என்று தோன்றலாம். அந்நாட்டின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்துவதற்கான ஏற்பாடு அது.

ஆயத்த கேரவனை விடப் பல மடங்கு குறைந்த விலை, மழை புகாத கூரை, பூட்டக்கூடிய கதவு ஆகியவையே இந்தப் பெட்டியின் கவர்ச்சி. ஆனால், சரக்குக்கு மூச்சு விடத் தேவையில்லை. உள்ளிருந்து கதவைத் திறக்கவும் தேவையில்லை. பெட்டியை வடிவமைத்தவர்கள் இந்த இரண்டையும் கருத்தில் கொள்ளவில்லை என்பதிலிருந்தே மாற்றும் வேலை தொடங்க வேண்டும்.

காற்று

6 அடி உயரமுள்ள அத்தகைய பெட்டியின் உட்புறக் கொள்ளளவு சுமார் 12 கன மீட்டர். உறங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 14 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். இருவர் உறங்கினால் ஐந்து மணி நேரத்தில் 140 லிட்டர். இடைவெளியே இல்லாமல் அடைக்கப்பட்ட பெட்டியில், வெளிக்காற்றில் 0.04 சதவீதமாக இருக்கும் அந்த வாயு, விடியுமுன் ஒரு சதவீதத்தைத் தாண்டிவிடும். உடனே உயிருக்கு ஆபத்து நேரும் அளவு அல்ல இது. ஆனால் தலைவலியும் மந்தமும் வரும், உறக்கம் கெடும். இதற்கிடையே இருவரின் மூச்சிலும் வியர்வையிலும் இருந்து இரவு முழுவதும் சுமார் அரை லிட்டர் நீர் ஆவியாகிறது. குளிர்ந்த இரவில் அந்த ஈரம் அலுமினியத் தகட்டில் படிந்து, பிளைவுட்டுக்குப் பின்னால் இறங்கிப் பூஞ்சையாக மாறும். ஓரிரு ஆண்டுகளில் பலகை உளுத்துப்போன பிறகே பலருக்கும் இது தெரிய வருகிறது.

இதற்கான தீர்வு எளிமையானது. கூரையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்று; எதிர்ப்புறத்தில், தரைக்கு அருகே, பூச்சி புகாத வலையிட்ட நுழைவுத் துளை ஒன்று. மேலும் கீழும் வழி இருந்தால் மட்டுமே காற்று ஓடும். ஒரே ஒரு சாளரம் போதாது. கணினிகளில் பொருத்தப்படும் 12 செ.மீ. விசிறிகூட மணிக்குப் பல பத்து கன மீட்டர் காற்றை நகர்த்தும். இருவருக்கு இரவு நேரத்தில் தேவைப்படும் அளவை அதுவே நெருங்கிவிடும். மின் செலவோ சில வாட்தான்.

சரக்குக் கலத்தை உறைவிடமாக்கியதில் நம் நாட்டுக்கே ஒரு முன்னோடி உண்டு. குட்டநாட்டிலிருந்து நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள், லாரிகள் வந்த பின் வேலையிழந்து, 1990-களில் கேரளத்தின் படகு வீடுகளாக மாறின. மூங்கிலும் பாயும் கொண்டு வேயப்பட்ட அவற்றின் கூரை வழியே காற்று தானாகவே வந்து போகும். அலுமினியப் பெட்டிக்கு அந்தக் குணம் இல்லை.

மூக்குக்குத் தெரியாத நஞ்சு

சமையல் எரிவாயு கசிந்தால் நாற்றம் எச்சரிக்கும். அதற்காகவே அதில் மணப்பொருள் சேர்க்கப்படுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேலான பிணைப்பு வலிமை அதற்கு உண்டு. உறங்குபவர் விழிக்காமலேயே மயக்கமடைவார்.

இந்த வாயு எங்கிருந்து வருகிறது? ஜெனரேட்டர், மூடிய இடத்தில் எரியும் அடுப்பு, குளிருக்காக மூட்டும் கரிச்சட்டி, அருகில் இயங்கிக்கொண்டிருக்கும் வாகனத்தின் புகைக்குழாய். எனவே இவற்றில் எதுவும் டிரெய்லருக்குள்ளோ, அதன் அடியிலோ, ஒட்டியோ இருக்கக் கூடாது. சமையலை வெளியே, பின்கதவுப் பக்கம் வைத்துக்கொள்வதே நல்லது. சிறிய டிரெய்லருக்குள் அடுப்பு பொருத்துவதை இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை. எரிவாயு உருளையும் வெளியேதான் இருக்க வேண்டும். எல்பிஜி காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும்.

பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கைக்கு அருகே பொருத்துவது அவசியம். புகை எச்சரிக்கைக் கருவி இதைக் கண்டறியாது; இரண்டும் வேறு வேறு. கருவியை நம்பி ஜெனரேட்டரை அருகில் வைப்பதும் தவறு. தளத்தில் குழாய்க்கும் மின்கம்பிக்கும் போட்ட துளைகளைச் சுற்றி முழுமையாக அடைக்க வேண்டும் என்பதே வடகரை ஆய்வு உணர்த்தும் நேரடிப் பாடம்.

ஜெனரேட்டரின் தேவை எழுவதே பெரும்பாலும் ஏசியால்தான். ஒரு டன் ஏசிக்கு ஏறத்தாழ 1,000 வாட் தேவை. டிரெய்லர்களில் வழக்கமாகப் பொருத்தப்படும் 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி முழுமையாக ஏற்றப்பட்டிருந்தால் 1,280 வாட்-மணி மின்சாரம் தரும். அதாவது ஏசி ஓடக்கூடியது ஒரு மணி நேரம் சொச்சம். அதே பேட்டரியில் 30 வாட் விசிறி 40 மணி நேரம் ஓடும். கூரையில் 200 வாட் சூரியத் தகடு இருந்தால் விசிறி, விளக்கு, கைப்பேசிக்கான மின்சாரம் பகலிலேயே திரும்பிவிடும். ஏசி வேண்டுமென்றால், மின் இணைப்பு தரும் முகாமில் நிறுத்துவது ஒன்றே பாதுகாப்பான வழி.

வயரிங்கைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்லலாம். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். 12 வோல்ட் என்பதால் மின் அதிர்ச்சி அபாயம் குறைவு. தீ அபாயம் அப்படியல்ல.

வெளியேறும் வழி

சரக்கு டிரெய்லரின் கதவு வெளிப்புறத்தில் கம்பி கொண்டு தாழிடப்படுவது. உள்ளிருந்து திறக்க ஏற்பாடே இராது. வெளியே யாரேனும் விளையாட்டாகத் தாழிட்டாலும், கம்பி தானாகச் சிக்கிக்கொண்டாலும் உள்ளிருப்பவர் அடைபட்டுவிடுவார். எனவே உள்ளும் புறமும் இயங்கும் பூட்டு பொருத்துவது மெத்தை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு. அடுத்து, இரண்டாவது வழி. கதவுப் பக்கம் தீப்பற்றினால், எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்குச் சாளரம் வேண்டும். அமெரிக்காவில் தங்கும் வாகனங்களுக்கான என்எஃப்பிஏ 1192 தரநிலை, மாற்று வெளியேறும் வழியைக் கட்டாயமாக்கியுள்ளது. இரண்டு வழிகளுக்கும் நடுவே தீயணைப்பான் இருப்பது நலம்.

சாளரத்துக்காகத் தகட்டை வெட்டும்போது உள்ளிருக்கும் இரும்பு விலாக்களைத் தொடாமல், இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் மட்டும் வெட்ட வேண்டும். பெட்டியின் வலிமை தகட்டில் இல்லை, விலாக்களில்தான் இருக்கிறது.

இழுத்துச் செல்லும்போது

12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று (8 அடிக்கு 4 அடி) 20 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. சுவர், கூரை, கட்டில், அலமாரி என்று பத்துப் பலகைகள் சேர்ந்தால் 200 கிலோ. 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ. பேட்டரி, மெத்தை, பாத்திரங்கள் சேரச் சேர எடை மேலும் கூடும். புறப்படும் முன் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது சிறிய செலவு.

எடை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வாகனத்தின் கொக்கியில் இறங்க வேண்டும். இது குறைந்து, பாரம் பின்பக்கம் சாய்ந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலைப் போல இருபுறமும் வீசத் தொடங்கும்; இழுக்கும் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ வைப்பது இதனால்தான். ஆட்டம் தொடங்கினால் காரின் பிரேக்கை அழுத்தவோ ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சரிசெய்யவோ கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். ஓடும் டிரெய்லருக்குள் எவரும் இருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

டிரெய்லர் என்பது காரின் துணைப்பொருள் அன்று; மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அது தனியாகப் பதிவு செய்யப்பட வேண்டிய வாகனம். மொத்த எடை 0.75 டன் வரை இருப்பவை டி1 பிரிவு, அதற்கு மேல் 3.5 டன் வரை டி2 பிரிவு. சொந்தப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் அல்லது டிரெய்லரை, போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் மத்திய அரசு 2004-ஆம் ஆண்டு அறிவிக்கையிலேயே சேர்த்துள்ளது. ஆகவே தங்கும் டிரெய்லர் என்ற வகையே இங்கு இல்லை என்ற பொதுவான கருத்து சரியல்ல.

சிக்கல் வேறு. சரக்கு வாகனமாகப் பதிவான ஒன்றை உரிமையாளரே தங்கும் வாகனமாக மாற்றுவதில்தான் தடை உள்ளது. சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீட்டு வழக்கில், நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2019 ஜனவரி 9 அன்று இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182ஏ(4) பிரிவின்படி, விதிக்குப் புறம்பாக வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இதைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு.

கழற்றி எடுக்கக்கூடிய கட்டிலும் பெட்டியும் பதிவுச் சான்றிதழின் விவரங்களைத் தொடுவதில்லை. ஆனால் சாளரம் வெட்டுவது, கூரையை உயர்த்துவது, பாரத்தைக் கூட்டுவது, வாகன வகையை மாற்றுவது எல்லாம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பார்வைக்கு வரக்கூடியவை. இங்கே ஒரு முரண் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை: உயிர் காக்கும் சாளரமும் கூரை விசிறியும்தான் அனுமதி தேவைப்படும் மாற்றங்கள். காற்றோட்டமில்லாத பெட்டியில் படுக்கையை மட்டும் விரித்துக்கொள்வதைச் சட்டம் கண்டுகொள்ளாமல் போகலாம். ஆனால் ஆபத்தானது அதுதான்.

எனவே இந்தியாவில் நடைமுறைக்கு உகந்தது, வகை ஒப்புதல் பெற்ற உற்பத்தியாளரிடம் தொடக்கத்திலேயே கேம்பர் டிரெய்லராகப் பதிவு செய்யக்கூடிய வாகனத்தைக் கேட்டு வாங்குவது. புணேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட், சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி போன்ற மையங்கள் வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கின்றன. இன்ஜினுடன் கூடிய கேரவன்களுக்கு ஏஐஎஸ்-124 என்ற தனி நடைமுறை உள்ளது. பழைய டிரெய்லரை வைத்திருப்பவர்கள், தகட்டில் முதல் துளை போடுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்துப் பதில் பெறுவது நல்லது. காரின் கையேட்டில் டிரெய்லர் இழுக்க அனுமதி உள்ளதா, எவ்வளவு எடை வரை என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பது அடுத்த கேள்வி. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வாகமண்ணில் கேரவன் பூங்காவும் தொடங்கப்பட்டது. இத்தகைய இடங்கள் நாட்டில் இன்னும் குறைவு. நெடுஞ்சாலை ஓரத்தில் இரவு தங்குவது விபத்து அபாயம் மிகுந்தது.

எல்லாம் முடிந்த பின், முதல் பயணத்துக்கு முன் ஓர் இரவு வீட்டு வாசலிலேயே டிரெய்லருக்குள் படுத்துப் பார்க்கலாம். கதவை மூடி, விசிறியை ஓடவிட்டு, எச்சரிக்கைக் கருவியை இயக்கி வைக்க வேண்டும். நள்ளிரவில் விளக்கைப் போடாமல் இரண்டு வழிகளிலும் ஒருமுறை வெளியேறிப் பழக வேண்டும். காலையில் எழுந்ததும் தலைமாட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்கவும். கை ஈரமானால், கூரை விசிறியின் வேகத்தையோ கீழ்த் துளையின் அளவையோ கூட்ட வேண்டும்.