கேலிக்கும் மோசடிக்கும் நடுவே ஒரு கோடு

சிறுமலைக்குக் குடும்பத்தோடு போய்வந்த 62 வயது இடதுசாரிக் கட்சிக்காரர் ஒருவர், படங்களை முகநூலில் போட்டார். துப்பாக்கிப் பயிற்சிக்கான பயணம் என்று கிண்டலாக ஒரு வரியும் சேர்த்தார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தமானார் என்ற பிரிவு உட்பட அவர்மீது வாடிப்பட்டி போலீசார் வழக்குப் போட்டார்கள்.

தீர்ப்பு என்ன?

அவரை ரிமாண்ட் செய்ய மாஜிஸ்திரேட் மறுத்தார். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் வழக்கையே ரத்து செய்தார். ஆயுதமும் சிக்கவில்லை, ஆயத்தமும் இல்லை என்பது காரணம். நையாண்டி எழுத்தாளர்கள் இந்தத் தீர்ப்பை எழுதியிருந்தால் சிரிப்பதையும் அடிப்படைக் கடமைகளில் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள் என்றும் எழுதினார். தூத்துக்குடி மாவட்டமும் இதே கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது; அங்குள்ள திருச்செந்தூர்க்காரர்களுக்கும் இந்தத் தீர்ப்பு துணை நிற்கும்.

துணை தேவைப்படுமா?

நிச்சயம் தேவைப்படும். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டது. இதையொட்டி முதல்வர், ஆட்சியர், காவல் ஆணையர் மூவரையும் கேலிச்சித்திரமாக வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா, நவம்பர் 5 அன்று சென்னையில் கைதானார். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. ஆனாலும் கைது தந்த பயம் மற்றவர்களின் கையையும் கட்டிப்போடும்.

பகடி எது, போலி எது?

‘நாழிக்கிணற்றுத் தவளை’ என்ற பெயரில் ஒருவர் திருச்செந்தூர் கோயிலின் சஷ்டிக் கூட்ட நெரிசலையும் பார்க்கிங் கட்டணத்தையும் கிண்டல் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பகடி. கோயில் பெயரையும் படத்தையும் போட்டு, விடுதி அறைக்கு முன்பணம் அனுப்பச் சொல்லி க்யூஆர் கோடு நீட்டினால் அது ஆள்மாறாட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் இதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பகடிக் கணக்குகள் தாம் பகடி என்பதைப் பெயரின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும், அசல் ஆளின் படத்தை அப்படியே வைக்கக் கூடாது என்று எக்ஸ் தளமும் 2025 ஏப்ரலில் விதி கொண்டுவந்தது.

என்ன செய்யலாம்?

கணக்கின் பெயரோடு முகப்பு விவரத்தையும் படியுங்கள். கேலிப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, அது கேலி என்பதையும் சேர்த்தே அனுப்புங்கள். பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழையுங்கள். காவல் நிலையத்தின் நேரம் ஏமாற்றியவனைத் தேடச் செலவாகட்டும். அதிகாரியைச் சீண்டிய நகைச்சுவைக்கு அங்கே வேலையில்லை.