இங்கிலாந்தில் பள்ளிச் சேர்க்கை முடிவுகளும் பெற்றோரின் மேல்முறையீடும்

இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் கட்டணம் கிடையாது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் இடம் என்பதை ஒருங்கிணைக்கும் பொறுப்பு கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றத்துடையது. கேட்ட பள்ளி கிடைக்காத பெற்றோர் தனிக் குழுவின் முன் மேல்முறையீடு செய்யலாம். இந்த உரிமை 1980ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் வந்தது. இன்று 1998ஆம் ஆண்டின் பள்ளித் தரநிலைகள் மற்றும் கட்டமைப்புச் சட்டத்தின்கீழ் நடைமுறையில் உள்ளது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு வேறு விதிகள் உண்டு.

சட்டம் பெற்றோருக்குத் தருவது பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அன்று, விருப்பத்தைத் தெரிவிக்கும் உரிமை மட்டுமே. பெற்றோர் பலர் இந்த வேறுபாட்டை அறிவது மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான்.

முடிவு எடுக்கப்படும் விதம்

பெற்றோர் தாம் வசிக்கும் பகுதியின் மன்றத்திடம் ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது மூன்று பள்ளிகளை விருப்ப வரிசையில் எழுதலாம். இலண்டனில் ஆறு வரை எழுதலாம். உயர்நிலைப் பள்ளிக்கு (7ஆம் ஆண்டு வகுப்பு) கடைசி நாள் அக்டோபர் 31, தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15. முடிவுகள் முறையே மார்ச் 1, ஏப்ரல் 16 ஆகிய நாட்களில் அறிவிக்கப்படும். அவை விடுமுறை நாளானால் அடுத்த வேலை நாளில் வரும்.

படிவம் மன்றத்திடம் போனாலும், யாருக்கு முன்னுரிமை என்ற விதியை எல்லாப் பள்ளிகளுக்கும் மன்றமே வகுப்பதில்லை. சமுதாயப் பள்ளிகளுக்கு மன்றம் வகுக்கிறது. அகாடமிகளுக்கு அவற்றை நடத்தும் அறக்கட்டளையும், திருச்சபை சார்ந்த உதவிபெறும் பள்ளிகளுக்கு ஆளுகைக் குழுவும் வகுக்கின்றன. எனவே பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளிலும் விதிகள் வேறாக இருக்கலாம்.

பள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஆண்டு வகுப்பில் எத்தனை பேரைச் சேர்க்கும் என்ற எண்ணை முன்கூட்டியே வெளியிட வேண்டும். விண்ணப்பங்கள் அதைத் தாண்டினால் முன்னுரிமை அளவுகோல்கள் வேலை செய்யத் தொடங்கும். சிறப்புத் தேவைக்கான சட்டபூர்வத் திட்ட ஆவணத்தில் அந்தப் பள்ளியின் பெயர் குறிப்பிடப்பட்ட பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும். அடுத்து, மன்றத்தின் பராமரிப்பில் இருக்கும் அல்லது முன்பு இருந்த பிள்ளைகள். அதன்பின் உடன்பிறந்தோர் படிப்பது, சமய ஈடுபாடு, வீட்டின் தூரம் என்று பள்ளிக்குப் பள்ளி மாறும். பிரைட்டன் அண்டு ஹோவ் மன்றம் 2008ஆம் ஆண்டுச் சேர்க்கையில் வட்டாரத்துக்குள் குலுக்கல் முறையையே கொண்டுவந்தது. சிபாரிசு என்று ஓர் அளவுகோல் எந்தப் பட்டியலிலும் இல்லை. மன்ற உறுப்பினரின் கடிதத்துக்காக அலைவது வீண்.

விருப்ப வரிசையைத் தந்திரமாக மாற்றி எழுதுவதும் வீண்தான். பெற்றோர் தம்மை எத்தனையாவதாக எழுதினார்கள் என்பதைப் பார்த்துப் பள்ளிகள் முன்னுரிமை தரக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் இடம் கிடைக்குமானால், அவற்றுள் பெற்றோர் மேலே எழுதியதையே மன்றம் வழங்கும். ஆகவே உண்மையான விருப்பத்தையே எழுதுவது நல்லது.

தூரம்தான் பெரும்பாலும் தகராறுக்குரியது. மன்ற எல்லைக்கு வெளியே வசிக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளக்கூடாது என்று 1989இல் கிரெனிச் வழக்கில் தீர்ப்பானது. மறுபுறம், உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பெற்ற இடத்தைத் திரும்பப் பெற முடியும். பாட்டி வீடு பள்ளிக்கு அருகில் என்பதற்காக அதை எழுதுவது ஆபத்தானது. முகவரிச் சோதனைக்கும் வரம்பு உண்டு. 2008இல் பூல் நகர மன்றம் ஒரு குடும்பம் உண்மையில் எங்கே வசிக்கிறது என்று அறிய ஏறத்தாழ மூன்று வாரம் அவர்களை மறைந்திருந்து கண்காணித்தது. அது சட்டவிரோதம் என்று 2010இல் தீர்ப்பாயம் கூறியது.

விதியை எதிர்ப்பதும் முடிவை எதிர்ப்பதும்

அளவுகோலே நியாயமற்றது என்று கருதுவோருக்கு வழி வேறு. விதிகளை மாற்ற விரும்பும் பள்ளியோ மன்றமோ அக்டோபர் 1க்கும் ஜனவரி 31க்கும் இடையில் குறைந்தது ஆறு வாரம் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். பிப்ரவரி 28க்குள் விதிகள் முடிவாகும். அவற்றின்மீது மே 15க்குள் பள்ளித் தீர்வாளர் அலுவலகத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இது அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான விதியைப் பற்றியது. இந்த ஆண்டு இடம் கிடைக்காத பிள்ளைக்கு மேல்முறையீடே வழி.

மேல்முறையீட்டுக் குழு

மறுப்புக் கடிதத்தில் காரணமும், மேல்முறையீட்டு உரிமையும், கடைசி நாளும் இருக்க வேண்டும். மனு எழுதக் குறைந்தது 20 பள்ளி நாட்கள் தரப்படும். உரிய காலத்தில் வந்த மனுக்களை, அந்தக் கடைசி நாளிலிருந்து 40 பள்ளி நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். கட்டணம் இல்லை. மறுத்த பள்ளி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மனுச் செய்யலாம். ஒரே பள்ளிக்கு ஒரு கல்வியாண்டில் ஒருமுறைதான், சூழ்நிலை பெரிதும் மாறினால் ஒழிய.

கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டால் மேல்முறையீடு பலவீனமாகும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அது தவறு. ஏற்றுக்கொண்டே மேல்முறையீடு செய்யலாம். மறுத்துவிட்டால், மனுவும் தோற்றபின் பிள்ளைக்குக் கையில் எந்தப் பள்ளியும் இல்லாமல் போகக்கூடும்.

குழுவில் குறைந்தது மூவர் இருப்பர். பள்ளி நிர்வாகத்திலோ கற்பித்தலிலோ தொழில்முறை அனுபவம் இல்லாத ஒருவரும், கல்வி அனுபவம் உள்ள அல்லது பள்ளிப் பிள்ளையின் பெற்றோரான ஒருவரும் அதில் கட்டாயம் உண்டு. அந்த மன்றத்தின் உறுப்பினரோ பள்ளியின் ஆளுகைக் குழுவினரோ அமர முடியாது. பெற்றோர் நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர், ஹரோ, நியூஹாம் போன்ற இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் மூத்தோர் போல, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதைக் குழுவின் எழுத்தரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

விசாரணை இரண்டு கட்டமாக நடக்கும். முதற்கட்டத்தில் விதிகள் சட்டப்படி அமைந்தனவா, சரியாகப் பின்பற்றப்பட்டனவா, இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் மற்றவர்களின் கல்வி பாதிக்கப்படுமா என்று பார்ப்பார்கள். பாதிப்பை நிறுவும் பொறுப்பு பள்ளித் தரப்புடையது. வகுப்பறை எத்தனை பேருக்கானது, கடந்த ஆண்டுகளில் அறிவித்த எண்ணுக்கு மேல் சேர்த்ததுண்டா, மற்ற வகுப்புகளில் எத்தனை பேர் என்று பெற்றோர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இரண்டாம் கட்டத்தில் அந்தப் பாதிப்பையும் பிள்ளையின் தேவையையும் தராசில் வைப்பார்கள்.

இங்கேதான் பெரும்பாலான மனுக்கள் வழி தவறுகின்றன. 'இது நல்ல பள்ளி, ஆய்வறிக்கை சிறப்பாக இருக்கிறது' என்று பக்கம் பக்கமாக எழுதுவதால் பயன் குறைவு. அது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும் வாதம். கிடைத்த பள்ளியைக் குறை கூறுவதும் அப்படியே. இந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளி ஏன் என்பதே கேள்வி. மருத்துவர் கடிதம் நோயைச் சொன்னால் போதாது, அந்தப் பள்ளியால் மட்டும் கிடைக்கும் உதவியைச் சொல்ல வேண்டும். அங்கு மட்டுமே உள்ள பாடம், முன்பு நேர்ந்த கொடுமைப்படுத்தல் பற்றிய பழைய பள்ளியின் பதிவு போன்றவை எடை பெறும். ஆவணங்களை அறிவித்த தேதிக்குள் கொடுக்க வேண்டும். பிந்தியதைக் குழு பார்க்காமல் விடலாம்.

சிறு வகுப்புகளில் நிலைமை கடினம். ரிசெப்ஷன், 1, 2 ஆகிய ஆண்டு வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம். இரட்டையர் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. இந்த வரம்பு காரணமாக மறுக்கப்பட்டிருந்தால் தராசுக்கே இடமில்லை. சேர்த்தாலும் வரம்பு மீறாது, விதி சட்டத்துக்கு ஒவ்வாதது அல்லது தவறாகப் பயன்படுத்தப்பட்டது, அறிவுள்ள எந்த அமைப்பும் இப்படி முடிவெடுக்காது ஆகியவற்றுள் ஒன்று நிறுவப்பட வேண்டும். தவறு இருந்தால் மட்டும் போதாது, அது நேராதிருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்றும் காட்ட வேண்டும். எடுத்துக்காட்டாக, கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் வீடு 0.61 மைல் தொலைவில் என்க. 0.58 மைலில் உள்ள வீட்டை 0.64 என்று அளந்திருந்தால் மனு வெல்லும். உண்மையில் 0.63 ஆக இருந்தால், அளவு பிழையானாலும் மனு தோற்கும். ஐந்து வயதுக் குழந்தையின் தேவையை எடைபோடவே வழியில்லாத இந்த ஏற்பாடு கொஞ்சம் கடுமையானதுதான். ஆனால் வகுப்பில் முப்பதுக்கு மேல் பெருகாமல் காப்பதும் அதுவே.

குழுவின் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். முடிவுடன் உடன்படவில்லை என்பதற்காக மேலே போக முடியாது. விசாரணை நடந்த விதத்தில் குறை இருந்தால், உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்புக் குறைகேள் அதிகாரியிடமும், அகாடமியானால் கல்வித் துறையிடமும் புகார் செய்யலாம். குறைகேள் அதிகாரியால் பிள்ளைக்கு இடம் தர முடியாது, புதிய விசாரணையைப் பரிந்துரைக்கலாம். சட்டப் பிழைக்கு உயர் நீதிமன்றம் உண்டு, செலவு அதிகம். சிறப்புத் தேவைத் திட்ட ஆவணத்தில் பள்ளியின் பெயர் பற்றிய தகராறு இந்தக் குழுவுக்கு வராது. அதற்குத் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது.

மேல்முறையீடு நடக்கும்போதே காத்திருப்போர் பட்டியலிலும் பெயர் இருக்கலாம். குறைந்தது டிசம்பர் 31 வரை பள்ளி அதைப் பேண வேண்டும். எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது அதில் கணக்கில்லை, வரிசை அளவுகோல்படியே. பள்ளிக்கு இன்னும் அருகில் வசிக்கும் குடும்பம் புதிதாக விண்ணப்பித்தால், ஐந்தாவதாக இருந்த பெயர் ஆறாவதாக இறங்கிவிடும்.